வாய்க்குள் இருந்த வரி

எங்கள் கட்டடத்தின் நிலவறையில் ஒரு சலவை அறை இருக்கிறது. அதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. உள்ளே ஒருவர் நிற்கும்போது இன்னொருவர் வந்தால், இருவரும் இயந்திரத்தின் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒஸ்லோவின் ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில் இத்தனை காலம் இருந்த எனக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் பார்ப்பேன். என் கணவர் இறந்த பிறகு என்னுடைய துணி மட்டும்தான் அதற்குள் சுற்றும். அதில் பார்க்க என்ன இருக்கிறது? இருந்தாலும் பார்ப்பேன்.

அந்தச் சட்டத்தை உடைத்தவர் எங்கள் மேல்மாடிக்குக் குடிவந்த ஒரு பெண்மணி. நைஜீரியாவில் இபாடான் என்ற ஊர், தாய்மொழி யோருபா, பாலர் பள்ளி ஒன்றில் வேலை, என்னுடைய வயதுதான். இதெல்லாம் பிறகு தெரிந்தது. முதல் நாள் கூடையை இடுப்பில் வைத்தபடி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர், நான் போர்வை மடிப்பதைப் பார்த்துவிட்டு, "எ கூ இஷே" என்றார். போனில் யாருடனோ பேசுகிறாராக்கும் என்று நினைத்து நான் போர்வையை மடித்துக்கொண்டே இருந்தேன்.

"உங்களுக்குத்தான் சொன்னனான்," என்றார். "வேலை செய்யிற ஆளைக் கண்டா எங்கட மொழியில இப்பிடிச் சொல்லவேணும். சொல்லாமல் போனா வளர்ப்புச் சரியில்லை எண்டு அர்த்தம்."

நாங்கள் பேசிக்கொண்டது நோர்வேஜிய மொழியில். இரண்டு பேருடையதும் உடைந்த நோர்வேஜியம். உடைந்த இடங்கள்தான் வேறு வேறு. ஆனால் என் ஞாபகத்தில் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார். நான் என்ன செய்ய? அப்படியே எழுதுகிறேன். நோர்வேஜியத்தில் பிரதமரைக்கூட நீ என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் இருவருக்குமே அது நாக்கில் ஒட்டாத சங்கதி. யோருபாவிலும் மூத்தவர்களுக்கு 'நீங்கள்'தானாம். அதைக் கேட்ட அன்றைக்கே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அவர்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வணக்கம் இருக்கிறது. வேலை செய்கிறவருக்கு ஒன்று, சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கு ஒன்று, குளிரில் வருகிறவருக்கு ஒன்று, பயணம் போய் வந்தவருக்கு ஒன்று. நாங்கள் ஒரே வணக்கத்தைச் சாமிக்கும் பிரதம விருந்தினருக்கும் பங்குபோட்டுக் கொடுக்கிறவர்கள். யாராவது வருவார்கள் என்று காத்திருக்கிறவருக்குக்கூட அவர்கள் ஒன்று வைத்திருந்தார்கள்: "எ கூ ஒஜு லொனா." கண்ணை வழியில் வைத்திருப்பவருக்கு வணக்கம் என்று பொருளாம். வழிமேல் விழி வைத்து என்று நாங்களும் சொல்வோம் என்றேன். "பாத்தீங்களே, நாங்கள் சொந்தக்காரர்!" என்று என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். தோள் இரண்டு நாள் வலித்தது.

படிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். இருட்டோடு ரயிலேறிப் போய், உருளைக்கிழங்கு அவித்து, மீன் உருண்டைக்கு வெள்ளைக் குழம்பு காய்ச்சி, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் இரைச்சலுக்குள் நின்றுவிட்டு வந்தால், மறுநாள் வரைக்கும் வாயைத் திறக்க வேண்டிய தேவை எனக்கு இருக்காது. சனிக்கிழமை முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் குரல் இருக்கிறதா என்று செருமிப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஒருத்தியிடம், படிக்கட்டில் நின்று மூச்சு வாங்குவதற்கும் ஒரு வணக்கம் சொன்னால் எப்படி இருக்கும்?

எங்கள் ஆட்கள் இல்லையா என்று கேட்பீர்கள். ஒஸ்லோவில் தமிழருக்கா பஞ்சம்? வார இறுதியானால் மண்டபம் மண்டபமாக விழா. நானும் போனவள்தான். கணவர் போன பிறகு, மங்கல விளக்கேற்றப் பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறவர்கள் என் கதிரைக்கு வந்ததும் லேசாகச் சிரித்துவிட்டு அடுத்த கதிரைக்குத் தாண்டிப் போவார்கள். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பழக்கம் அப்படி. பக்கத்தில் இருப்பவர், "தனியவோ வந்தனீங்கள்?" என்று கேட்பார். கண் தெரியாதா உனக்கு என்று வாய்வரை வரும். இரண்டு விழாவோடு நிறுத்திக்கொண்டேன். அவர்களும் தேடவில்லை. தேடியிருந்தால் இன்னும் கொஞ்சம் கோபித்திருக்கலாம்.

அண்ணா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவில் இருந்து போன் எடுப்பார். என்னை வீட்டுப் பெயரால் கூப்பிட்ட கடைசி ஆள் அவர். கடவுச்சீட்டில் உள்ள பெயர் வேலையிடத்துக்கும் வங்கிக்கும். வீட்டுப் பெயர், நான் சட்டை போடாமல் ஓடித் திரிந்ததைக் கண்டவர்களுக்கு. அண்ணாவும் போய்ச் சேர்ந்த பிறகு அதைச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று நானே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். யாரோ போலக் கேட்டது.

ஒரு தை மாதத்தில் மேல்மாடியில் இருந்து அழுகைச் சத்தம் வந்தது. அவருடைய அக்கா இபாடானில் இறந்துவிட்டார். போய்ச் சேர விசாவும் டிக்கெட்டும் சரிவருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்றார். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அக்கம்பக்கம்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் முறை. சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். கதவு திறந்ததும் பாத்திரங்களை நீட்டினேன்.

"இதுக்கும் ஒரு வணக்கம் இருக்குமே, சொல்லித்தாங்கோ," என்றேன்.

"இருக்கு," என்றார். அதைச் சொல்லித்தந்துவிட்டு அழுதார். நான் அதைத் திருப்பிச் சொன்னேன். பிறகு இரண்டு பேரும் மைக்ரோவேவில் குழம்பைச் சூடாக்கினோம்.

ஒரிக்கி என்ற ஒன்றைப் பற்றி அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு புகழ்மொழி உண்டு. இன்னாருடைய வழி, இன்ன குணம், முன்னோர் இன்னது செய்தவர்கள் என்று ஓடும். வீட்டில் ஒருவர் எதிரே நின்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்கிறவருக்குத் தலை வீங்குமாம்.

"எங்களுக்கு உச்சி குளிரும்," என்றேன்.

"அதுக்கு இந்த ஊரில ஒரிக்கி தேவையில்லையே," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். துக்கத்திலும் வாய் சும்மா இராது அவருக்கு.

ஒவ்வொரு பிறந்தநாள் காலையிலும் அக்கா போன் எடுத்து அதைச் சொல்வாராம். தலையில் மூட்டை சுமந்த சந்தைக்காரர்கள் நடுவில் நின்றுகூடச் சொல்லியிருக்கிறாராம். "இனி எனக்கு ஆர் சொல்லுறது?" என்றார். மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம், தனக்குத் தானே சொல்லிக்கொள்வது அழகல்ல. மேற்குக் கரையில், பேர்கன் நகரில் இருக்கும் அவருடைய மகளைப் பற்றிக் கேட்டேன். அவள் அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். "அவளோ? நான் யோருபாவில ஒண்டு கேட்டா நோர்வேஜியத்தில ரெண்டு திருப்பித் தருவாள்." அந்தச் சண்டையின் ஒரு பக்கத்தை நானும் என் கூரை வழியாகக் கேட்டிருக்கிறேன்.

அவர்களுக்கும் இங்கே சங்கம் இருக்கிறது. வசந்தத்தில் தங்கள் மொழிக்கும் இலக்கியத்துக்குமென்று ஒரு நாள் விழா வைப்பார்கள். அந்த வருடம் அறுபது வயதாகும் பெண்களை மேடைக்கு முன்னால் இருத்தி, ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆள் ஒருவர் எழுந்து ஒரிக்கி சொல்வதாக ஏற்பாடு. ஆள் இல்லாதவர்களுக்குச் சங்கத்தில் ஒருவர் பொதுவாக ஏதாவது சொல்வாராம். என் தோழிக்கு அந்த வருடம் அறுபது.

"பொதுவாச் சொன்னா அது என்ர இல்லை," என்றார். சலவை அறையில் நின்றோம். இரண்டு இயந்திரங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லுறீங்களோ?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. நான் உங்கள் ஆள் இல்லையே என்றேன். "சாப்பாடு கொண்டு வந்த ஆள் ஆர்?" என்றார். அதற்கு மேல் என்ன வழக்காடுவது? இத்தனை வருடத்தில் என்னை ஒருவர் ஒரு சபையில் எழுந்து நிற்கச் சொன்னது இதுதான் முதல் தடவை. அன்றிரவு எனக்குக் காய்ச்சல் மாதிரி ஒரு சந்தோஷம்.

வாரத்தில் இரண்டு மூன்று மாலை மேலே போவேன். அவர் வரி வரியாகச் சொல்வார், நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். பொருளையும் கேட்டுவைத்தேன். பொருள் தெரியாமல் புகழ்ந்தால் அது எங்கள் விழாக்களின் வாழ்த்துரைபோல் ஆகிவிடும். மழைக்கு முன்னே விதைத்தவரின் வழிவந்தவளே. ஆற்றிடம் கேட்டுவிட்டு ஆற்றைக் கடந்தவரின் பெண்ணே. வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணாமல் கிழங்கு இடித்த வீட்டாரே. இப்படிப் போய், தட்டும் முன்னே திறக்கும் கதவின் மகளே என்று முடியும். தமிழில் சொன்னால் இவ்வளவுதான். அவர் வாயில் அது கல்லில் தண்ணீர் ஓடுவதுபோல் ஓடும்.

என் வாயில் வேறு மாதிரி ஓடியது. சின்ன வயதில் கோயிலில் பதிகம் பாடிப் பரிசு வாங்கியவள் நான். மனப்பாடம் செய்த எதையும் அந்த இழுப்பு இல்லாமல் சொல்ல வராது. கண்ணை மூடி, கையைக் கட்டி, நீட்டி இழுத்துவிட்டேன். கண்ணைத் திறந்தால் அவர் சோபாவில் விழுந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர்கள் மொழியில் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே மாறிவிடுமாம். நான் இழுத்த இழுப்பில் அவருடைய அப்பா வேறு என்னவோ ஆகிவிட்டார். என்ன ஆனார் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

"கண்ணை மூடாதீங்கோ," என்றார். "சாமிக்கோ சொல்லுறியள்? என்னைப் பாத்துச் சொல்லுங்கோ."

அது எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஒருவருடைய முகத்தை நேரே பார்த்து நல்லதாகப் பத்து வார்த்தை நான் யாருக்குச் சொன்னேன்? என் கணவருக்குக்கூடச் சொன்னதில்லை, பாவம். நல்ல மனிசன் என்று மற்றவர்களிடம்தான் சொன்னேன், அதுவும் செத்த வீட்டில்.

ரயிலிலும் சொல்லிப் பழகினேன். மோர்டென்ஸ்ருட் கடைசி நிலையம், எப்போதும் ஜன்னலோரம் இடம் கிடைக்கும். ஒருநாள் தெரிந்த தமிழ்ப் பெண் ஒருத்தி எதிரே வந்து அமர்ந்து என் உதட்டையே பார்த்தாள். "என்ன அக்கா, விரதமோ? மந்திரம் சொல்லுறியள்?" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். பொய் என்றும் சொல்ல முடியாது.

"உங்கட ஒரிக்கி என்ன?" என்று தோழி ஒருநாள் கேட்டார். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை, வீட்டுப் பெயர் ஒன்றுதான் இருந்தது என்றேன். என்ன பெயர் என்று கேட்டார்.

"அது போனவையோட போட்டுது," என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாக வந்துவிட்டது. அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஒரு பொட்டலம் தந்தார். உள்ளே நீலமும் மஞ்சளுமாகப் பெரிய பூப்போட்ட துணி, மொடமொடவென்று, ஆறு யார் நீளம். "எனக்காக வாற சிநேகிதர் எல்லாரும் குடும்பம்போல ஒரே துணி போடவேணும். நீங்களும் தைச்சுக்கொண்டு வாங்கோ," என்றார். ஆறு யார் துணியைக் கையில் தந்தால் ஒரு தமிழச்சி அதில் தைப்பதற்கு என்ன இருக்கிறது? நான் ஓரம் மட்டும் மடித்துத் தைத்தேன். அவர்களே சேலையாகத் தருகிறார்கள், என்ன மரியாதை என்று மனம் நிறைந்துபோனது.

அன்றைக்கு அதைக் கட்டப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மெழுகு போட்ட துணி கொசுவத்துக்கு மடங்குமா? அட்டையை மடித்துச் செருகியதுபோல் முன்னால் நின்றது. கையிலிருந்த ஊசி முழுவதும் குத்தி, மேலே குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அழைப்பில் இரண்டு மணி என்று இருந்தது. நான் இரண்டுக்கு முன்பே போய்விட்டேன். மண்டபத்தில் ஒலிபெருக்கி கட்டுகிற இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். தமிழர் விழாக்களில் ஊறிய எனக்கே அந்தத் தாமதம் புதிது. ஆட்கள் சேர்ந்து கூட்டம் தொடங்கியபோது, மேடையில் ஏறியவர் முதலில் சொன்னது "எ கூ ஒஜு லொனா." அத்தனை பேரிலும் அது எனக்குத்தான் பொருந்தியது.

உள்ளே கோட்டைக் கழற்றிய பிறகுதான் என் பிழை விளங்கியது. அந்தத் துணியில் ஒருவர் நீளச் சட்டை, ஒருவர் பாவாடை, ஒருவர் தலைப்பாகை, ஓர் ஆண் கால்சட்டை. சேலை கட்டியவள் நான் ஒருத்தி. எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது. ஆனால் பெண்கள் சுற்றி நின்றுகொண்டு முந்தானையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் கூட்டம் முழுக்கக் கேட்கும்படி ஏதோ சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். என்ன சொன்னார் என்று தெரியவில்லை. கெட்டதாக இருக்காது என்று வைத்துக்கொண்டேன்.

விழா நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல வேண்டும். பேசுகிற மேளம் ஒன்று வைத்திருந்தார்கள். கக்கத்தில் இடுக்கி அடிப்பவர் யாரைப் பார்த்து அடிக்கிறாரோ அவர் எழுந்து ஆடினார். கதை சொல்ல வந்த பெண் "ஆலோ ஓ!" என்று கூப்பிட, குழந்தைகள் முழுப்பேரும் "ஆலோ!" என்று கத்தினார்கள். ஆமையின் தந்திரக் கதை. ஒருவர் யோருபா நாவலில் ஒரு பக்கம் வாசித்தார். சந்தையில் மாமியாரும் மருமகளும் சண்டை பிடிக்கும் இடம் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். கோட்டும் டையும் போட்ட இளைஞர்கள் மூத்தவர்களைக் கண்டதும் நோர்வே மரத்தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். ஒருவரும் கைத்தொலைபேசியைப் பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய். எல்லோரும் பார்த்தார்கள். ஆனாலும் அங்கே இருந்தார்கள்.

அறுபது வயதுக்காரர்களை முன்னால் இருத்தியபோது என் தோழி பக்கத்துக் கதிரைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு ஓர் இளம்பெண் வந்தாள். அதே நீல மஞ்சள் துணி, வயிறு சற்று மேடிட்டிருந்தது. பேர்கனில் இருந்து வந்த மகள். தாயின் முன்னால் முழங்காலிடப் போனவளைத் தாய் வயிற்றைப் பார்த்துத் தடுத்தார். அவள் கேட்காமல் முழங்காலிட்டாள். பெரியம்மா பல வருடமாகக் குரல் செய்திகள் அனுப்பியிருந்தாராம், இவள் ஒன்றையும் திறக்கவே இல்லையாம். அவர் இறந்த பிறகு எல்லாவற்றையும் கேட்டாளாம், தாயின் ஒரிக்கியும் அதில் இருந்ததாம். "நான் சொல்லுறன், மம்மா," என்றாள். அதை நோர்வேஜியத்தில் சொன்னாள்.

தோழி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எப்போதும் மறக்கமாட்டேன். அதில் கெஞ்சலும் இருந்தது, கூச்சமும் இருந்தது.

"அதுதானே முறை," என்றேன்.

சொல்லிவிட்டு மூன்றாம் வரிசைக்குப் போய் அமர்ந்தேன். பெரிய மனசுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். வயிறு எரிந்தது. இத்தனை நாள் எங்கே போனாய், நான்தானே ரயிலிலும் படிக்கட்டிலும் சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன் என்று அந்தப் பிள்ளையைத் திட்டினேன். திரும்பவும் என் கதிரையைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். இது அதுவல்ல என்று தெரிந்தும் நினைத்தேன்.

மகள் தொடங்கினாள். மெல்லிய குரல், உச்சரிப்பில் நோர்வே அடித்தது, ஆனால் ஏற்ற இறக்கம் என்னுடையதைவிடச் சரியாக இருந்தது. மழைக்கு முன்னே விதைத்தவர் வந்தார், ஆற்றைக் கடந்தவர் வந்தார். தோழியின் முதுகு நிமிர்ந்துகொண்டே போனது. செருப்புகளை எண்ணாத வீட்டார் வந்தார்கள். கடைசி வரிக்கு முன்னால் மகள் நின்றுவிட்டாள்.

மண்டபம் காத்திருந்தது. அது அவர்கள் வீட்டுச் சொல், வேறு ஒருவருக்கும் தெரியாது. தாய் சொல்லக்கூடாது, அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு மகளையே பார்த்தார். மேளக்காரர் லேசாகத் தட்டினார். தெரிந்த ஆள் நான் ஒருத்தி. வரி என் வாய்க்குள் இருந்தது, எழுந்து நின்றால் போதும். எழுந்திருந்தால் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியிருக்கும். அந்த நிமிடத்தில் எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்ல வெட்கமில்லை.

மகள் திக்குத் தெரியாமல் கூட்டத்தைப் பார்த்தாள். கண் என் மேல் வந்து நின்றது. அந்தக் கூட்டத்தில் தங்கள் துணியைச் சேலையாகச் சுற்றிக்கொண்டு இருந்தவள்மேல் கண் நிற்காமல் எங்கே போகும்? நான் எழவில்லை. குரலும் கொடுக்கவில்லை. அவளுடைய முகத்தை நேரே பார்த்து, உதட்டை மட்டும் அசைத்தேன். தட்டும் முன்னே. அவள் உதடு அசைந்தது. தட்டும் முன்னே திறக்கும் கதவின் மகளே என்று முழு மண்டபத்துக்கும் கேட்கச் சொன்னாள்.

கூட்டம் எழுந்துவிட்டது. தோழி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, வீங்கிவிட்டது வீங்கிவிட்டது என்று அவர்கள் மொழியில் கத்தினார். நானும் எழுந்து கைதட்டினேன். தட்டும்போது சேலையில் ஓர் ஊசி கழன்று இடுப்பில் குத்தியது. அதைச் சாக்காக வைத்துக் கழிவறைக்குப் போய் நன்றாக அழுதேன்.

பிள்ளை பிறக்கும்போது தாய் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மகள் கேட்டாள். தோழி வேலையை விட்டார், வீட்டைக் கொடுத்தார், கோடை முடியுமுன் பேர்கனுக்குப் போய்விட்டார். போகும் அன்று படிக்கட்டில் நின்று என்னைக் கட்டிப்பிடித்து, "எழும்பிச் சொல்லாமல் விட்டதுக்கு நன்றி," என்றார். அவர் பார்த்திருக்கிறார். மேல்மாடிக்கு இரண்டு பொடியங்கள் குடிவந்தார்கள். நல்ல பிள்ளைகள், சலவை அறையில் இயந்திரத்தைப் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். இலையுதிர்காலம் வந்தது. போன் மேசையில் கிடக்கும், நான் அதன் பக்கத்தில் இருப்பேன். அவர் எடுக்காத நாட்களில் ஒரிக்கியை ஒருமுறை முழுவதும் சொல்வேன், மறந்துவிடக்கூடாது என்று. வெறும் சமையலறையில் இன்னொருத்தியின் புகழைச் சொல்லிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று விளக்க எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. "எ கூ ஒஜு லொனா," என்றார். நான் காத்திருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

"பிள்ளைக்கு எட்டாம் நாள், இண்டைக்குத்தான் பெயர் வைக்கிறம்," என்றார். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம். "வீட்டு ஆக்கள் ஒவ்வொருவரும் ஒரு பெயர் குடுக்கவேணும். எல்லாரும் குடுத்திட்டினம். உங்கடதுதான் வரேல்லை."

"நானோ?"

"ஓம், நீங்கள்தான். கெதியாச் சொல்லுங்கோ, பிள்ளையின்ர நாக்கில வைக்கத் தேனும் உப்பும் எடுத்து வைச்சுக்கொண்டு நிக்கிறம்."

பெண்பிள்ளை. நல்ல தமிழ்ப் பெயர்கள் ஆயிரம் இருக்கின்றன. ஒன்றும் ஞாபகம் வரவில்லை. என்னையறியாமல் வாயில் வந்தது என்னுடைய வீட்டுப் பெயர். அண்ணாவுக்குப் பிறகு, கண்ணாடி முன்னால் சொன்ன அந்த ஒருமுறையைத் தவிர, இந்த வீட்டில் அது ஒலித்ததில்லை. மகள் போனை வாங்கி, திரும்பச் சொல்லும்படி கேட்டாள். சொன்னேன். பொருள் என்ன என்று கேட்டாள்.

"பொருள் ஒண்டும் இல்லை பிள்ளை. கூப்பிடத்தான்."

அவர்கள் கூப்பிட்டார்கள். முதலில் மகள், பிறகு தோழி, பிறகு அந்த அறையில் இருந்த அத்தனை பேரும், அந்தச் சின்னக் காதுக்காகச் சத்தமாக, எங்கள் வீட்டில் ஒருவரும் இழுக்காத மாதிரி இழுத்துக் கூப்பிட்டார்கள்.

"ஓம், வாறன்," என்று எழுந்துவிட்டேன். கதிரை பின்னால் சரிந்து விழுந்தது. வாசல் வரைக்கும் போன பிறகுதான் நின்றேன். போன் மேசையில் கிடந்தது. பேர்கனில் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.